இடம்சார் விளையாட்டு: அந்த இடத்து மக்களை எந்தக் கட்டத்தில் உள்ளே அழைப்பது?

தடம்தேடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மூடிப்போன ஆலை ஒன்றையும் அதைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புகளையும் வைத்து, கைபேசியோடு நடந்து ஆடும் விளையாட்டு ஒன்றைச் சிறு குழுவாகச் செய்துகொண்டிருக்கிறோம். ஆட்டக்காரர் ஓர் இடத்துக்கு வந்து நின்றதும் அந்த இடத்தின் பழைய படமோ குரல்பதிவோ திறக்கும், கூடவே ஒரு புதிர் வரும். ஆவணங்களைப் பார்த்து இடங்களைத் தேர்ந்தெடுத்தாயிற்று, வரைபடமும் தயார். இனி அங்கே குடியிருப்பவர்களையும் ஆலையில் வேலை பார்த்தவர்களையும் கூப்பிட்டு உட்கார்ந்து கதை கேட்கலாம் என்பது திட்டம்.

இதில்தான் குழுவுக்குள் பேச்சு முட்டிக்கொண்டு நிற்கிறது. "வரைபடம் போட்டு முடித்தபிறகு கூப்பிட்டால் அவர்கள் எதை மாற்ற முடியும்?" என்கிறார் ஒருவர். "ஒன்றுமே இல்லாமல் கூப்பிட்டால் என்ன பேசுவார்கள்? கையில் ஏதாவது இருக்கவேண்டும்" என்கிறார் இன்னொருவர். இப்படி வேலை செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஆவணக்காரி எழுதியது:

முதலாமவர் கேட்பதுதான் சரியான கேள்வி. எந்த இடத்தில் ஆட்டக்காரரை நிறுத்துகிறீர்கள் என்பதிலேயே இந்த வகை விளையாட்டின் பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது. அதை முடித்துவிட்டுக் கதை கேட்கப் போனால், நீங்கள் போட்ட பெட்டிகளை நிரப்பித் தரும் வேலைதான் அவர்களுக்கு மிஞ்சும்.

அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வகுத்துக் காட்டினார். தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானப்படுத்துவது என்ற நடுப்படிகளைப் பெயரளவுப் பங்கேற்பு என்றுதான் அவர் வைத்தார். முடிவெடுக்கும் பொறுப்பு கைமாறும்போதுதான் மேல்படிகள் தொடங்குகின்றன. உங்கள் திட்டம் இப்போது கருத்துக் கேட்கும் படியில் நிற்கிறது.

இதில் நடைமுறைச் சிக்கலும் உண்டு. ஆவணத்தில் எது இருக்கும்? முதலாளி யார், கட்டடம் எப்போது எழும்பியது, எந்த அதிகாரி வந்து திறந்து வைத்தார். அதை வைத்து இடம் தேர்ந்தால் முகப்பு, நிர்வாக அலுவலகம், மணிக்கூண்டு என்றுதான் வரும். வேலை செய்தவரின் நாள் அந்த வழியாக நடந்திருக்காது.

பழைய ஆலை ஒன்றை வைத்து விளையாட்டு செய்வதற்கான கலந்துரையாடல் பட்டறையில் நான் உடன் இருந்தேன். அங்கேயும் ஆட்டம் முகப்பு வாயிலில்தான் தொடங்குவதாக இருந்தது. ஓய்வுபெற்ற ஒருவர் வரைபடத்தைப் பார்த்ததும், "நாங்கள் இந்த வாயிலைத் தாண்டியதே இல்லை, இது அதிகாரிகளுக்கு" என்றார். எங்களுக்குப் பின்பக்கம், பெண்களுக்கு அதற்கும் தள்ளி இன்னொன்று, தற்காலிக ஆட்களுக்கு அதுவும் கிடையாது, வெளியே நின்று பெயர் கூப்பிடும்வரை காத்திருக்கவேண்டும் என்று ஒவ்வொருவராகச் சேர்த்துச் சொன்னார்கள். ஆட்டத்தின் விதியே அதிலிருந்து வந்துவிட்டது: நீங்கள் எந்தப் பாத்திரமோ அதற்குரிய வாயிலில்தான் உங்கள் ஆட்டம் திறக்கும். தற்காலிக ஆளாக ஆடுபவர் வெளியே நின்று காத்திருக்கத்தான் வேண்டும். அந்த விதியை எந்த ஆவணப் பெட்டியும் தந்திருக்காது.

நிரல்மொழி எழுதியது:

வாயில் உதாரணம் அருமை. ஆனால் அது அபூர்வமாக வாய்ப்பது என்பதையும் சொல்லவேண்டும். நான் விளையாட்டு வடிவமைப்பில் இருப்பவன், இப்படிப்பட்ட பட்டறைகளில் பங்கெடுத்திருக்கிறேன். ஆட்டம் எப்படி இருக்கலாம் என்று கேட்டால் இரண்டே பதில்கள் வரும்: ஒன்று வினாடி வினா, இன்னொன்று புதையல் வேட்டை. அவர்களிடம் குறை இல்லை. யாராக இருந்தாலும் தான் ஆடிப்பார்த்த வகையைத்தான் சொல்வார்கள். அதை அப்படியே எடுத்துச் செய்தால், கல்வெட்டைப் படித்துவிட்டு நான்கு விடைகளில் ஒன்றைத் தட்டும் ஆப் கிடைக்கும். யாரும் இரண்டாவது முறை திறக்கமாட்டார்கள்.

நல்ல இடம்சார் விளையாட்டில் நடப்பதற்கே ஒரு காரணம் இருக்கும். விஸ்கான்சின் பல்கலைக்கழக வளாகத்தில் 1967-இல் டவ் கெமிக்கல் நிறுவனத்துக்கு எதிராக மாணவர்கள் போராடினார்கள். அதை வைத்துச் செய்த 'டவ் டே'யில் ஆட்டக்காரர் ஒரு நிருபர். செய்தி எழுதவேண்டும், அதனால் நடக்கிறார், தரப்புகளைச் சந்திக்கிறார், போராட்டம் நடந்த அதே இடத்தில் நின்று அன்று எடுத்த படச்சுருளைப் பார்க்கிறார். ஆம்ஸ்டர்டாமில் 2005-இல் வாக் அமைப்பு பள்ளி மாணவர்களுக்காக 'ஃப்ரீக்வென்ஸி 1550' செய்தது. அதில் ஒரு குழுவில் பாதிப்பேர் தெருவில் நடப்பார்கள், மீதிப்பேர் தலைமையகத்தில் உட்கார்ந்து வழிகாட்டுவார்கள். இவையெல்லாம் வடிவமைப்பாளர் செய்யும் முடிவுகள். கதை அவர்களுடையது, விதி நம்முடையது என்று பிரித்துக்கொண்டால் இரு பக்கத்துக்கும் நல்லது.

ஆவணக்காரி எழுதியது:

"கதை அவர்களுடையது, விதி நம்முடையது" என்பதை என்னால் ஏற்கமுடியவில்லை. வாயில் விதி அவர்களிடமிருந்து வந்ததுதானே?

வினாடி வினாதான் வருகிறது என்று சொல்கிறீர்கள். கூப்பிட்ட முதல் நாளே "ஆட்டம் எப்படி இருக்கலாம்?" என்று கேட்டால் அப்படித்தான் வரும். கேள்வியை மாற்றிப் பாருங்கள். இங்கே உங்களுக்கு எதற்கெல்லாம் தடை இருந்தது? சங்கு ஊதினால் என்ன செய்வீர்கள்? யாருக்குத் தெரியாமல் எந்த வழியில் போவீர்கள்? தாமதமாக வந்தால் என்ன ஆகும்? தடை, நேரம், மறைவு, தண்டனை எல்லாமே விளையாட்டின் உறுப்புகள். அவர்கள் வாழ்ந்ததே விதிகளுக்குள்தான், அதைப் புதிதாகக் கற்பனை செய்யச் சொல்லவேண்டியதில்லை.

அதற்கு முன்பு ஆடவும் விடுங்கள். வேறு ஏதாவது ஓர் இடம்சார் விளையாட்டை, அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, கையில் கொடுத்துச் சேர்ந்து நடந்துவிட்டு வாருங்கள். திரும்பி வரும்போது பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

நார்வேயில் 1970-களின் தொடக்கத்தில் கணினி அறிஞர் கிறிஸ்டன் நிகார்ட் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். தொழிற்சாலைக்குள் வரப்போகும் கணினி எப்படி இருக்கவேண்டும் என்பதில் தொழிலாளிக்கும் சொல் இருக்கவேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. இன்று நாம் பங்கேற்பு வடிவமைப்பு என்று சொல்வதன் வேர்களில் ஒன்று அது. தொழிலாளிகளுக்கு நிரல் எழுதத் தெரியாது என்று சொல்லி யாரும் அங்கே கதவைச் சாத்தவில்லை.

ஓரத்துவீடு எழுதியது:

நான் இந்தத் துறையில் இல்லை. தேடும்போது இந்த இழை கண்ணில் பட்டது. எங்கள் சந்து ஒரு விளையாட்டில் இருக்கிறது. யாரும் எங்களைக் கேட்கவில்லை.

இருட்டிய பிறகு நான்கைந்து பேர் ஜன்னலுக்குக் கீழே நின்று கைபேசியைத் தூக்கிப் பிடித்தால் உள்ளே இருப்பவருக்கு எப்படி இருக்கும்? படம் எடுக்கிறார்களா, வேவு பார்க்கிறார்களா, ஒன்றும் தெரியாது. கேட்டால் "இங்கே ஒரு புள்ளி இருக்கிறது" என்கிறார்கள். அந்தப் புள்ளியில் இருக்கும் கதை பழைய செய்தித்தாளிலிருந்து எடுத்த ஒரு குற்றச் சம்பவம். அதில் வரும் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். வெளியூர்க்காரருக்கு அது திகில் கதை. அந்தப் பிள்ளைகள் தினமும் அதே வழியாகப் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

யாரிடம் சொல்வது என்று தேடினேன். ஆப்பில் மதிப்பெண் போடும் இடம் இருக்கிறது, பகிரும் பொத்தான் இருக்கிறது, "இந்த இடத்தில் வசிக்கிறேன், இதை எடுங்கள்" என்று சொல்ல ஒரு வழியும் இல்லை.

எங்களை எந்தக் கட்டத்தில் கூப்பிடுவது என்று நீங்கள் யோசிக்கிறீர்கள். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை உண்டா? அதை முதலில் சொல்லுங்கள்.

தடம்தேடி எழுதியது:

நீங்கள் எழுதியதைக் குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். எங்கள் வரைபடத்திலும் குடியிருப்புச் சந்துகள் இருக்கின்றன. அவற்றில் எதுவும் அங்கே குடியிருப்பவர்களைக் கேட்காமல் போகாது. இதை இங்கேயே எழுதி வைக்கிறேன்.

வரைபடன் எழுதியது:

ஓரத்துவீடு சொல்வது புதிதாக முளைத்த பிரச்சினை இல்லை. 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்கா ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கியது. ஒளித்து வைத்த பெட்டியை ஜிபிஎஸ் கொண்டு தேடும் ஆட்டம்தான் ஜியோகேஷிங், அதன் முதல் பெட்டி அடுத்த நாளே ஒளித்து வைக்கப்பட்டது. இருபத்தைந்து ஆண்டுக்கும் மேலாக மனிதர்கள் வசிக்கும் இடங்களின் மேல் விளையாட்டுகளைப் போர்த்திக்கொண்டுதான் இருக்கிறோம்.

நயான்டிக் நிறுவனத்தின் 'இன்க்ரெஸ்' என்ற இடம்சார் விளையாட்டு 2012-இல் வந்தது. அதில் இருந்த இடங்களில் பெரும்பகுதி ஆட்டக்காரர்களே முன்மொழிந்தவை. அதே தரவுதான் 2016 ஜூலையில் 'போக்கிமான் கோ'வுக்கும் அடித்தளம். இதில் இரண்டு கோளாறுகள் தெரிந்தன. யார் அதிகம் ஆடினார்களோ அவர்கள் வாழும் பகுதிகளில் புள்ளிகள் குவிந்தன. அமெரிக்க நகரங்களில் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் புள்ளிகள் குறைவாக இருந்ததை அந்த ஆண்டே பலர் சுட்டிக்காட்டினார்கள். இன்னொரு பக்கம், இருக்கவே கூடாத இடங்களில் புள்ளிகள் இருந்தன. நாஜி வதைமுகாம் இருந்த ஆஷ்விட்ஸின் நினைவிடமும் வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் (யூத இனப்படுகொலை) நினைவு அருங்காட்சியகமும் வேண்டாம் என்று கேட்கவேண்டி வந்தது. ஹிரோஷிமா நகர நிர்வாகம் ஆகஸ்ட் 6 நினைவு நாளுக்கு முன்பு அமைதிப் பூங்காவிலிருந்து எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னது. பிறகு அமெரிக்காவில் வீட்டு உரிமையாளர்கள் போட்ட வழக்கு 2019-இல் சமரசத்தில் முடிந்தது. தனி வீட்டிலிருந்து 40 மீட்டருக்குள் இருக்கும் புள்ளியை நீக்கக் கேட்கும் உரிமை அதில் வந்தது.

நீதிமன்றம்வரை போய்க் கிடைத்ததை முதல் நாளே ஆப்பில் வைக்க ஒரு பொத்தானும் அதைப் பார்க்க ஒரு மனிதரும் போதும்.

தொழில்நுட்பப் பக்கம் ஒன்று சேர்க்கிறேன். திறந்த வெளியில் கைபேசி ஜிபிஎஸ் ஏறக்குறைய 5 மீட்டர் துல்லியம் தரும். இரண்டு பக்கமும் சுவர் உயர்ந்த சந்தில் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வரும், பிழை பல மடங்காகும். அதைச் சமாளிக்க, ஆட்டக்காரர் உள்ளே வந்ததும் கதை திறக்கும் வட்டத்தைப் பெரிதாக்குவார்கள். பெரிதாக்கினால் பக்கத்து வீடும் வட்டத்துக்குள் வந்துவிடும். அதனால் வட்டத்தின் மையத்தை அகலமான பொது இடத்தில் வையுங்கள். சந்தின் கதையைச் சந்துக்குள் நின்றுதான் கேட்கவேண்டும் என்று இல்லை, முனையில் நின்று கேட்கலாம்.

எந்த முனை என்பது கணினித் திரையில் தெரியாது. அங்கே இருப்பவர்களோடு வெவ்வேறு நேரங்களில் நடந்து பாருங்கள். எந்தக் கதவு எப்போது பூட்டும், கனரக வண்டி எங்கே திரும்பும், சக்கர நாற்காலி எந்தத் திருப்பத்தில் நிற்கும், எங்கே நிழலே இருக்காது, இருட்டிய பிறகு ஒரு பெண் தனியாக எங்கே நிற்கமாட்டார். இதை அவர்களால் நிமிடத்தில் சொல்லமுடியும். இந்த நடையை வரைபடத்துக்கு முன்பு வையுங்கள். வரைபடம் ஏற்கெனவே இருக்கிறது என்றால் அதை மடித்து வைத்துவிட்டு, தெருக்கள் மட்டும் உள்ள வெற்றுத்தாளை எடுத்துக்கொண்டு போங்கள்.

வகுப்பறை எழுதியது:

பள்ளி ஆசிரியராக ஒன்று சொல்கிறேன். வெற்றுத்தாள் யோசனை அப்படியே வேலை செய்யும். மாணவர்களிடம் தாளைக் கொடுத்து, பெரியவர்களைக் கேட்டு இடங்களைக் குறித்து வரச்சொன்னால், ஆவணத்திலும் இல்லாத, பெரியவர்களும் நம்மிடம் சொல்லாத விஷயங்கள் வந்து சேரும். பேரனுக்குச் சொல்லும் தாத்தா வேறு, பேட்டி கொடுக்கும் தாத்தா வேறு. பேரனிடம் சொன்னதை விளையாட்டில் போடலாமா என்று தாத்தாவிடம் தனியாக ஒருமுறை கேட்கவேண்டும், அதை விடக்கூடாது.

சோதனை ஆட்டமும் காகிதத்திலேயே நடக்கட்டும். ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் உறையோடு நிற்பார், ஆட்டக்காரர் வந்ததும் உறையைக் கொடுப்பார். நிரல் ஒரு வரிகூட வேண்டாம். அட்டையில் எழுதியதைப் பேனாவால் அடித்து மாற்றத் தயங்கமாட்டார்கள். மெருகேறிய திரையைப் பார்த்தால் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நிரல்மொழி அண்ணா, நீங்கள் சொன்ன வினாடி வினாப் பிரச்சினையும் இதில் குறையும்: ஒரு சுற்று காகிதத்தில் ஆடி அலுத்துப்போனால், அது அலுப்பாக இருக்கிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

எனக்குள்ள கேள்வி வேறு. ஆலை மூடியபோது ஊரைவிட்டுப் போனவர்கள்? இப்போது அங்கே புதிதாகக் குடிவந்தவர்கள்? கூட்டம் போட்டால் ஒலிபெருக்கி முன்னால் எப்போதும் பேசுகிறவர்கள்தான் வருவார்கள். வேலைநிறுத்தம் நடந்திருந்தால் அதில் கலந்துகொண்டவரும் இருப்பார், கலந்துகொள்ளாமல் உள்ளே போனவரும் இருப்பார். இருவர் சொல்வதும் ஒத்துப்போகாது.

நிரல்மொழி எழுதியது:

ஒத்துப்போகாமல் இருப்பது விளையாட்டுக்கு நல்லது, இங்கே வடிவமைப்பாளராக என்னால் உதவமுடியும். இரண்டு பேர் சேர்ந்து ஆடும்படி செய்யுங்கள். ஒரே இடத்தில் இருவர் கைபேசியிலும் வேறு வேறு குரல் வரட்டும். ஒருவருக்கு வெளியே நின்றவர், மற்றவருக்கு உள்ளே போனவர். அடுத்த இடத்துக்கான குறிப்பு இரண்டிலும் பாதிப் பாதியாக இருக்கட்டும். கேட்டதை ஒருவருக்கொருவர் சொன்னால்தான் நகரமுடியும். யார் சரி என்று விளையாட்டு தீர்ப்புச் சொல்லவேண்டாம், மதிப்பெண்ணும் கொடுக்கவேண்டாம்.

விதி விஷயத்தில் ஆவணக்காரி சொன்னதை யோசித்தேன். தடை, நேரம், மறைவு பற்றிய கேள்விகள் எனக்குப் பிடித்திருக்கின்றன, அடுத்த வேலையில் அதிலிருந்து தொடங்குவேன். ஆனாலும் எட்டு மணி நேரக் காத்திருப்பை ஆட்டத்தில் எத்தனை நிமிடமாக்குவது என்பது என் வேலைதான், அதை வாக்கெடுப்புக்கு விடமாட்டேன்.

ஒரு சந்தேகம். ஒரு குடும்பம் வேண்டாம் என்கிறது, மற்ற எல்லோரும் அது முக்கியமான கதை, இருக்கவேண்டும் என்கிறார்கள். அப்போது?

ஆவணக்காரி எழுதியது:

நிமிடக் கணக்கு உங்களுடையதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை.

அந்தக் கேள்விக்கு என் பதில்: அந்தக் குடும்பத்தை அடையாளம் காட்டும் எதுவும் போகக்கூடாது. ஊருக்கே பொதுவான நிகழ்வு என்றால் அவர்கள் இல்லாமலும் சொல்லமுடியும். சொல்லமுடியாது என்றால் அது அவர்களுடைய கதை. பெரும்பான்மையை வைத்து இதை முடிக்கக்கூடாது.

யுனெஸ்கோவின் 2003 உடன்படிக்கை, வாழும் மரபைப் பேணுவதில் அதை உருவாக்கிக் கடத்தும் சமூகங்களின் இயன்றவரை பரந்த பங்கேற்பை அதன் 15-ஆம் பிரிவில் கேட்கிறது. 2015-இல் அதற்கென வந்த நெறிக் கோட்பாடுகள், முன்கூட்டியே, கட்டாயம் இல்லாமல், விவரம் தெரிந்து தரும் சம்மதத்தைப் பற்றிப் பேசுகின்றன. முன்கூட்டியே என்பதைக் கவனியுங்கள். ஒலிப்பதிவு முடிந்தபிறகு கையெழுத்துக்கு நீட்டும் தாள் அந்தக் கணக்கில் வராது. எங்கே கேட்கும், யார் கேட்பார்கள், எத்தனை காலம் இருக்கும், பிறகு மனம் மாறினால் எடுக்கமுடியுமா, இதெல்லாம் தெரிந்தபிறகுதான் அது சம்மதம்.

கதைகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதை விளையாட்டுக்கு இடைஞ்சலாகப் பார்க்கவேண்டாம். ஆஸ்திரேலியாவின் வருமுங்கு பழங்குடி மக்களோடு சேர்ந்து உருவான 'முகுர்து' என்ற ஆவண மென்பொருளில், எதை யார் பார்க்கலாம் என்பதைச் சமூகமே வகுக்கும். தங்கள் மரபறிவை எப்படிப் பயன்படுத்தலாம் என்று பழங்குடிச் சமூகங்களே குறித்து வைக்க 'லோக்கல் கான்டெக்ஸ்ட்ஸ்' அமைப்பு தரும் மரபறிவுக் குறிச்சீட்டுகளில் பருவகாலத்துக்கு என்றே ஒரு குறிச்சீட்டு உண்டு, அந்தந்தக் காலத்தில் மட்டும் பயன்படுத்தவேண்டியது என்று பொருள். இடம்சார் விளையாட்டில் இதை அப்படியே செய்யலாம். ஒரு பதிவு ஆண்டின் சில நாட்கள் மட்டும் திறக்கும். இன்னொன்று, அந்த ஊர்க்காரர் ஒருவர் கூட நடந்தால் மட்டும் திறக்கும்.

இடம்சார் விளையாட்டு இல்லையென்றாலும், 2014-இல் வந்த 'நெவர் அலோன்' பார்க்கவேண்டியது. அலாஸ்காவின் குக் இன்லெட் பழங்குடிக் கழகம் ஒரு விளையாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது. கதை சொல்லும் குரல் இன்யூபியாக் மொழியிலேயே ஒலிக்கும். ராபர்ட் நாஸ்ருக் கிளீவ்லண்ட் என்பவர் சொல்லிவந்த கதை அது. பயன்படுத்துவதற்கு முன்பு அவர் மகளைத் தேடிப்போய் அனுமதி கேட்டார்கள். மூலக்கதையில் சிறுவனாக இருந்த பாத்திரம் விளையாட்டில் சிறுமியாகியது, அதுவும் கேட்டுச் செய்ததுதான். கேட்டுக்கொண்டே செய்ததால் விளையாட்டு மெலிந்துபோகவில்லை, பெயர் பெற்றது. அங்கே சமூகத்தின் அமைப்பே உரிமையாளர்களில் ஒன்று என்பதால், இலாபத்திலும் முடிவிலும் அவர்களுக்குப் பங்கு இருந்தது.

இன்னொன்று, தடம்தேடி. வருகிறவர்களின் நேரத்துக்குப் பணம் ஒதுக்குங்கள். வரைகலைஞருக்கும் நிரலாளருக்கும் வரவுசெலவில் இடம் இருக்கும், கதை சொல்கிறவருக்குச் சான்றிதழ் மட்டும் இருக்கும். அதை நான் ஏற்பதில்லை.

தடம்தேடி எழுதியது:

வரவுசெலவைத் திறந்து பார்த்தோம், விளம்பரத்துக்கு வைத்ததிலிருந்து எடுக்கமுடியும். வரைபடத்தை ஓரமாக வைக்க முடிவாகியிருக்கிறது. ஆட்டக்காரர் எங்கே தொடங்குவது என்பதுகூட இப்போது தீர்மானமாகவில்லை. வெளியிடும் தேதியைத் தள்ளக் கேட்டிருக்கிறோம். நிதி தருகிறவர்கள் ஒரு பகுதியையாவது குறித்த நாளில் காட்டச் சொல்கிறார்கள், காகித ஆட்டத்தைக் காட்டலாமா என்று கேட்டிருக்கிறோம்.

இன்னும் விடை தெரியாதது ஒன்று. நிதி முடிந்தபிறகு இதை யார் பார்த்துக்கொள்வது? சர்வர், புதிய கைபேசிகளுக்கு ஏற்ற மாற்றம், நீக்கச் சொல்லி வரும் கோரிக்கைகள். நாங்கள் வேறு வேலைக்குப் போய்விடுவோம்.

வரைபடன் எழுதியது:

ஓர் இடத்தின் மரபைச் சொல்லும் இப்படிப்பட்ட விளையாட்டுகளில் பெரும்பாலானவை இறப்பது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கதை, ஒலி, இடக்குறிப்பு எல்லாவற்றையும் நிரலுக்குள் புதைக்காமல் சாதாரணக் கோப்புகளாக வெளியே வையுங்கள். அட்டவணை திறக்கத் தெரிந்தவர் ஒரு புள்ளியை நகர்த்தவும் நிறுத்தவும் முடியவேண்டும். விஸ்கான்சினில் உருவான ஏரிஸ், எம்ஐடியின் டேல்பிளேசர் போன்றவை நிரல் தெரியாதவர்களும் இடம்சார் விளையாட்டு செய்வதற்காக எழுந்தவை. எல்லாத் தளமும் ஒருநாள் நிற்கலாம், ஆகவே மூலக்கோப்புகளின் முழுப்பிரதி அந்த ஊர் நூலகத்திலோ சங்கத்திலோ இருக்கட்டும். கடவுச்சொல் அங்கே குறைந்தது இருவரிடம் இருக்கட்டும். வகுப்பறை சொன்ன உறை ஆட்டத்தைத் தூக்கி எறியாதீர்கள். ஆப் நின்றுபோனாலும் அது ஆடும்.

யாரும் பொறுப்பேற்கவில்லை என்றால் நிறுத்தும் தேதியை இப்போதே எழுதுங்கள். கவனிக்க ஆளில்லாத புள்ளி ஒரு வீட்டுக்கு முன்னால் ஆண்டுக்கணக்கில் கிடப்பதைவிட, அறிவித்துவிட்டு மூடுவது மேல்.

ஓரத்துவீடு எழுதியது:

நிறுத்தும் தேதி நல்ல யோசனை. நீக்கச் சொல்லும் கோரிக்கை மின்னஞ்சலில் மட்டும் வரவேண்டும் என்று வைக்காதீர்கள். எங்கள் தெருவில் பாதிப்பேர் மின்னஞ்சல் பார்ப்பதில்லை. நேரில் போய்ச் சொல்ல ஓர் இடம், அழைத்தால் யாராவது எடுக்கும் ஒரு தொலைபேசி எண் வேண்டும். சொன்ன அன்றே புள்ளியை அணைத்துவிட்டு, பிறகு நிதானமாகப் பேசலாம். பேசி முடித்துத்தான் அணைப்போம் என்றால் யாரும் சொல்ல வரமாட்டார்கள்.

தடம்தேடி எழுதியது:

சொன்ன அன்றே அணைப்பது, பிறகு பேசுவது: அப்படியே எடுத்துக்கொள்கிறோம். அணைக்கும் பொறுப்பை எங்கள் குழுவிடம் வைக்காமல், ஆலைத் தொழிலாளர்களின் பழைய சங்கத்தாரிடம் கேட்கப்போகிறோம், புதிதாகக் குடிவந்தவர்கள் தரப்பிலும் ஒருவரைத் தேடுகிறோம். முதல் நடை முடிந்ததும் வெற்றுத்தாளில் என்னென்ன குறித்தார்கள் என்பதை, அவர்கள் சம்மதித்தால், இதே இழையில் போடுகிறேன். வரைபடன், பகல் நடைக்கும் இரவு நடைக்கும் தனித்தனியாக எதைக் கவனிக்கவேண்டும் என்ற பட்டியல் உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். இரவு நடைக்கு வருவதாக இரண்டு பெண்கள் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள்.